இத்தாலியும் அமெரிக்காவும் ஈன்ற விரைவுக் கார்கள்: ஓர் ஒப்புநோக்கு

பழம்பொருளைத் தேடித் தொகுக்கும் ஆர்வம் மக்களினத்தோடு பிறந்தது. ஓலைச்சுவடி, செப்பேடு, நாணயம், அஞ்சல்தலை என ஒவ்வொரு காலத்தும் மாந்தர் ஏதேனும் ஒன்றைப் போற்றிக் காத்தே வந்துள்ளனர். அவ்வரிசையில் இருபதாம் நூற்றாண்டில் புதிதாக வந்து சேர்ந்தது மோட்டார் கார். தேய்ந்தவுடன் பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருந்த பொறி, இன்று ஓவியத்தோடும் சிற்பத்தோடும் ஒப்ப வைத்து ஏலம் கூறப்படுகின்றது. அவற்றுள்ளும் 'ஸ்போர்ட்ஸ் கார்' எனப்படும் விரைவுக் கார்களுக்கே முதலிடம்.

2018 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் மான்டெரேயில் நடந்த ஏலத்தில், 1962 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஃபெராரி 250 ஜி.டி.ஓ. ஒன்று 4 கோடியே 84 இலட்சம் அமெரிக்க டாலருக்கு விலைபோயிற்று. அவ்வினத்தைச் சேர்ந்த மற்றொன்று 2023 நவம்பரில் நியூயார்க்கில் 5 கோடியே 17 இலட்சம் டாலரை எட்டிற்று. அமெரிக்கக் கார்களும் எளிய விலைக்குப் போகவில்லை. கரோல் ஷெல்பி 1962 இல் அமைத்த முதல் கோப்ரா, 2016 இல் 1 கோடியே 37 இலட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று. 1967 ஆம் ஆண்டுச் செவ்ரலே கார்வெட் 'எல் 88' ஒன்று 2014 இல் 38 இலட்சத்து 50 ஆயிரம் டாலர் பெற்றது.

இவ்விலைகளைக் காண்போர் உள்ளத்தில் ஒரு வினா எழுவது இயல்பு. இத்தாலியக் கார் அமெரிக்கக் காரைவிடப் பன்மடங்கு சிறந்ததா? இவ்வினாவுக்கு விலைப்பட்டியலில் விடை தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். இரு நாட்டாரும் கார் செய்த முறை வேறு. செய்த எண்ணிக்கை வேறு. செய்த நோக்கமும் வேறு. எனவே அவற்றைக் காப்போர்க்குரிய கடமையும் வேறாகின்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், 1947 முதல் 1970-களின் தொடக்கம் வரையிலான கால எல்லைக்குள் நின்று இதனை ஆராய்வோம்.

மோடெனாவின் கைவினை

இத்தாலியின் வடபகுதியில், போ ஆற்றுச் சமவெளியில் உள்ள நகரம் மோடெனா. என்சோ ஃபெராரி 1898 இல் அங்குப் பிறந்தார். பந்தய ஓட்டுநராகத் தொடங்கி, 1929 இல் தம் பெயரால் ஒரு பந்தயக் குழுவை நிறுவினார். போர்க்காலத்தில், 1943 இல், அவருடைய தொழிலகம் அருகிலுள்ள மரனெல்லோவுக்கு மாறிற்று. அவர் பெயரைத் தாங்கிய முதல் கார் 1947 இல் வெளிவந்தது. ஜொவாக்கினோ கொலம்போ என்னும் பொறியறிஞர் வரைந்த ஒன்றரை லிட்டர் எஞ்சின் அதில் இருந்தது. அச்சிறிய எஞ்சினுக்குச் சிலிண்டர்கள் பன்னிரண்டு!

ஃபெராரி கார் விற்றுப் பொருளீட்டப் பந்தயம் ஓட்டியவர் அல்லர்; பந்தயம் ஓட்டுவதற்காகவே கார் விற்றவர். இவ்வொரு செய்தி இத்தாலிய மரபின் பெரும்பகுதியை விளக்கிவிடும். ஒரு பந்தயத்தில் கண்ட குறை அடுத்த பந்தயத்துக்குள் திருத்தப்படும். ஆகவே ஒரே பெயர் கொண்ட இரண்டு கார்கள் முழுவதும் ஒத்திருத்தல் அரிது. பிரெஷியாவிலிருந்து உரோமாபுரி சென்று மீளும் 'மில்லே மில்யா' என்னும் ஆயிரம் மைல் பந்தயம் 1927 முதல் பொதுச் சாலையிலேயே நடைபெற்று வந்தது. 1957 இல் ஒரு ஃபெராரி தடம் விலகிப் பாய்ந்து, அதில் சென்ற இருவரும் பார்வையாளர் ஒன்பதின்மரும் மாண்டனர். அவ்வொன்பதின்மருள் ஐவர் சிறுவர். அவ்வாண்டோடு அப்பெரும் பந்தயம் முடிவுற்றது. இக்கார்களின் புகழுக்குப் பின்னால் இத்தகைய துயரமும் உண்டு என்பதை வரலாற்றாசிரியர் மறைத்தல் கூடாது.

எஞ்சினும் சட்டகமும் மரனெல்லோவில் உருவாயின. மேலுடலோ பெரும்பாலும் வேறிடத்தில் உருவாயிற்று. பண்டைக் குதிரை வண்டிகளுக்குக் கூண்டு கட்டிய கைவினைஞர் மரபில் வந்தவை இத்தாலியின் உடல்கட்டும் பட்டறைகள். தூரின் நகரத்துப் பினின்ஃபரினா, பெர்டோனே, மிலான் நகரத்துத் தூரிங், மோடெனாவின் ஸ்கால்யெட்டி ஆகியவை அவற்றுள் பெயர்பெற்றவை. மெல்லிய குழாய்களாலான கூட்டின்மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்தும் முறையைத் தூரிங் பட்டறை கையாண்டது. அதற்குச் 'சூப்பர்லெஜ்ஜேரா', அதாவது மிக இலேசானது, என்று பெயர். ஸ்கால்யெட்டியின் பட்டறையிலோ தகடு தட்டும் வினைஞர், வரைபடத்தினும் தம் கண்ணையே பெரிதும் நம்பிச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைவுகளை உண்டாக்கினர். அதனால் ஒரே காரின் இடப்பக்கமும் வலப்பக்கமும் நூலிழை அளவு வேறுபடுவதுண்டு. அது குறையன்று, கையின் தடம்.

இம்மரபின் உச்சம் 250 ஜி.டி.ஓ. பெயரில் உள்ள எண், ஒவ்வொரு சிலிண்டரும் ஏறத்தாழ 250 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடையது என்பதைக் குறிக்கும். பன்னிரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஏறக்குறைய 3 லிட்டர். திறன் ஏறத்தாழ 300 குதிரைத் திறன். இதனை உருவாக்கும் பணியைத் தொடங்கியவர் ஜொட்டோ பிட்சரீனி. 1961 இல் தலைமைப் பணியாளர் பலர் ஃபெராரியோடு மாறுபட்டு வெளியேறியபோது அவரும் வெளியேறினார். மௌரோ ஃபொர்கியேரி என்னும் இளைஞர் அப்பணியை முடித்தார். 1962 முதல் 1964 வரை இவ்வினத்தில் செய்யப்பட்டவை 36 கார்களே. பந்தய விதி நூறு கார்களைக் கேட்டது. இது புதிய காரன்று, முன்பிருந்த 250 ஜி.டி.யின் மாற்றுருவமே என்று கூறி ஃபெராரி அவ்விதியைக் கடந்தார்.

போட்டியும் இம்மண்ணில் செழித்தது. மசெராட்டி உடன்பிறந்தார் 1914 இல் பொலோன்யாவில் நிறுவிய தொழிலகம் பின்னர் மோடெனாவுக்கே வந்து சேர்ந்தது. டிராக்டர் செய்து செல்வரான ஃபெருச்சோ லம்போர்கினி 1963 இல் சாந்தகட்டா என்னும் அண்மைச் சிற்றூரில் கார்த் தொழிலகம் அமைத்தார். 1966 இல் வெளிவந்த அவருடைய மியூரா, பன்னிரு சிலிண்டர் எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் குறுக்காகத் தாங்கி வந்து உலகை வியக்கச் செய்தது.

டெட்ராயிட்டின் ஆலை

அமெரிக்கக் கதை முற்றிலும் வேறு. அங்குக் கார் என்பது இலட்சக்கணக்கில் செய்யப்படும் பண்டம். போர் முடிந்து ஐரோப்பாவிலிருந்து மீண்ட வீரர் சிலர், அங்கு ஓட்டிச் சுவைத்த சிறிய விரைவுக் கார்களை நாடினர். அவ்விருப்பத்தைக் கண்டுகொண்டவர், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் வடிவமைப்புத் துறைத் தலைவராக இருந்த ஹார்லி ஏர்ல். 1953 ஜனவரியில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் செவ்ரலே கார்வெட் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது.

அவ்வாண்டில் மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ட் நகரில் 300 கார்வெட்டுகள் செய்யப்பட்டன. அனைத்தும் வெண்ணிறம், உட்புறம் செந்நிறம். உடல் இரும்பாலும் ஆகவில்லை, அலுமினியத்தாலும் ஆகவில்லை. பிசினில் தோய்த்த கண்ணாடி நாரால் ஆனது. தோற்றம் விரைவுக் காருக்குரியது, உள்ளமோ அவ்வாறன்று. ஆறு சிலிண்டர் எஞ்சின் 150 குதிரைத் திறனே தந்தது. பல்லிணை மாற்றமும் இரண்டே நிலை கொண்ட தானியங்கி. அடுத்த ஆண்டு 3,640 கார்கள் செய்யப்பட்டபோது வாங்குவோர் குறைந்தனர். 1955 இல் செய்யப்பட்டவை 700 மட்டுமே. கார்வெட்டின் வாழ்வு அத்துடன் முடிந்திருக்கலாம்.

அதனைக் காத்தவை இரண்டு. ஒன்று, எட் கோல் தலைமையில் உருவாகி 1955 இல் வந்த எட்டுச் சிலிண்டர் எஞ்சின். மற்றொன்று, 1953 இல் நிறுவனத்தில் சேர்ந்த சோரா ஆர்கஸ்-டன்டாவ் என்னும் பொறியறிஞரின் விடாமுயற்சி. அவருடைய உழைப்பால் கார்வெட் மெய்யான விரைவுக் காராயிற்று. 1963 இல் 'ஸ்டிங் ரே' வெளிவந்தது. அவ்வோராண்டில் மட்டும் 21,513 கார்கள் ஆலையைவிட்டு வெளியேறின. அதே காலத்தில் ஃபெராரி ஓராண்டில் செய்தவை சில நூறே.

செவ்ரலேயின் அச்சிறிய எட்டுச் சிலிண்டர் எஞ்சின், காலத்துக்கேற்ற மாற்றங்களுடன் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. 2011 இல் அக்குடும்பத்தின் பத்துக் கோடியாவது எஞ்சின் செய்யப்பட்டதாக நிறுவனம் அறிவித்தது. ஒரு புறம் 36 கார். மறு புறம் பத்துக் கோடி எஞ்சின். இவ்விரு எண்களுக்கு இடையே உள்ள தொலைவுதான் இரு மரபுகளுக்கும் இடையே உள்ள தொலைவு.

பொறியில் காணும் வேறுபாடு

எஞ்சினைத் திறந்து பார்ப்போர்க்கு இவ்வேறுபாடு தெளிவாக விளங்கும். எஞ்சின் மூச்சு வாங்கவும் விடவும் அதன் அடைப்பிதழ்கள் திறந்து மூட வேண்டும். அவற்றை இயக்குவது முண்டுகளையுடைய ஒரு தண்டு. கொலம்போவின் எஞ்சினில் இத்தண்டு சிலிண்டர்களின் தலைமேல் வரிசைக்கு ஒன்றாக அமைந்தது. எனவே அடைப்பிதழ்கள் விரைந்து இயங்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 7,500 சுற்றுவரை சுழலும். செவ்ரலே எஞ்சினில் அத்தண்டு ஒன்றே. அதுவும் எஞ்சினின் நடுவயிற்றில் இருந்துகொண்டு நீண்ட கம்பிகளால் அடைப்பிதழ்களைத் தள்ளும். அத்துணை விரைவாகச் சுழலாது; ஆனால் அமைப்பு எளியது, விலை மலிவு, பழுதும் குறைவு. இத்தாலியர் 3 லிட்டரில் 300 குதிரைத் திறன் பெற்றனர். 1963 கார்வெட்டின் வலிமிக்க எஞ்சின் 5.4 லிட்டரில் 360 பெற்றது. ஒருவர் நுட்பத்தால் பெற்றதை மற்றவர் பருமையால் பெற்றனர்.

ஆயினும் ஆலையில் செய்தது எல்லாவற்றிலும் பின்தங்கியது என்று கருதுதல் தவறு. 1963 கார்வெட்டின் பின்சக்கரங்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே மேடுபள்ளத்துக்கு ஏற்ப அசையும். பல மடங்கு விலையுடைய 250 ஜி.டி.ஓ.விலோ பின்சக்கரம் இரண்டையும் ஒரே இருசு பிணைத்திருந்தது. தடுப்புக் கருவியில் நிலைமை மாறும். ஃபெராரியில் தட்டுத் தடுப்பு இருந்தது. கார்வெட் 1965 இல்தான் அதனைப் பெற்றது. உயர்வும் தாழ்வும் இவ்வாறு கலந்தே கிடப்பதால், முழுவதும் சிறந்தது எனவும் முழுவதும் தாழ்ந்தது எனவும் எதனையும் கூறுதற்கில்லை.

மோதலும் கலப்பும்

1963 இல் அமெரிக்க ஃபோர்டு நிறுவனம் ஃபெராரியின் தொழிலகத்தை விலைக்கு வாங்க முயன்றது. பந்தயப் பணியின் மீதுள்ள ஆட்சியை விட்டுக்கொடுக்க என்சோ இசையவில்லை, பேச்சு முறிந்தது. 1960 முதல் 1965 வரை ஆறாண்டுகள் தொடர்ந்து பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றவை ஃபெராரி கார்கள். 1966 இல் அங்கு முதல் மூன்று இடங்களையும் ஃபோர்டின் ஜி.டி. 40 கார்கள் கைப்பற்றின. இக்கதை பலரும் அறிந்தது. இதனினும் பொருள் பொதிந்த மற்றொரு நிகழ்ச்சி உண்டு.

டெக்சஸ் மாநிலத்தவரான கரோல் ஷெல்பி 1959 இல் லெ மான் பந்தயத்தில் வென்றவர். இதயநோயால் ஓட்டுவதை விட்டபின், இங்கிலாந்தின் ஏ.சி. நிறுவனத்துச் சிறு கார் ஒன்றில் ஃபோர்டின் எட்டுச் சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தினார். அதுவே கோப்ரா. தொடக்கத்தில் கையிலிருந்தது ஒரே கார். பத்திரிகைகளுக்குக் காட்டும்போதெல்லாம் அதற்கு வேறு வண்ணம் பூசிப் பல கார்கள் இருப்பதாகத் தோன்றச் செய்தார் ஷெல்பி.

கோப்ரா திறந்த உடலுடையது. நீண்ட நேர் சாலையில் காற்றின் எதிர்ப்பால் ஃபெராரிக்குப் பின்தங்கிற்று. ஆகவே பீட்டர் பிராக் என்னும் இளைஞர் அதற்கு மூடிய உடல் ஒன்றை வரைந்தார். அதுவே டேட்டோனா கூப்பே. செய்யப்பட்டவை ஆறு. முதலாவது கலிபோர்னியாவில் உருவாயிற்று. எஞ்சிய ஐந்துக்கும் உடல் கட்டியது எந்த ஊர்ப் பட்டறை? ஃபெராரியின் சொந்த நகரமாகிய மோடெனாவின் பட்டறை! 1964 இல் லெ மானில் அவ்வகுப்பின் வெற்றியையும், 1965 இல் உலகப் பட்டத்தையும் ஃபெராரியிடமிருந்து பறித்த அமெரிக்கக் கார்களுக்கு மோடெனாவின் சுத்தியலே உருவம் தந்தது.

இது தனி நிகழ்ச்சியன்று. பிரிக்ஸ் கன்னிங்காம் என்னும் அமெரிக்கச் செல்வர் 1950-களின் தொடக்கத்திலேயே கிரைஸ்லர் எஞ்சின் பூட்டிய தம் கார்களுக்குத் தூரின் நகரத்து விஞாலே பட்டறையில் உடல் கட்டச் செய்தார். மிலான் அருகே ரென்சோ ரிவோல்தா 1962 முதல் செய்த 'ஈசோ' கார்களில் கார்வெட்டின் எஞ்சின் இருந்தது. அவற்றை அமைக்கத் துணைநின்றவர் ஜி.டி.ஓ.வைத் தொடங்கிய அதே பிட்சரீனி. 1971 இல் மோடெனாவிலிருந்து வந்த தெ தொமாசோ பன்டேராவில் ஃபோர்டு எஞ்சின். அதற்கு உருவம் வரைந்தவர் டெட்ராயிட்டில் பிறந்த டாம் ட்யார்டா. இத்தாலியின் கையும் அமெரிக்காவின் நெஞ்சும் ஒன்றையொன்று எப்போதும் தேடியே வந்துள்ளன என்பதற்கு இவை சான்றாம்.

மெய்யும் போலியும்

இனிச் சேகரிப்போர் கடமைக்கு வருவோம். சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்போர் மூலபாடம் எது, இடைச்செருகல் எது எனத் தேர்ந்து தெளிவது போலவே, பழங்கார் காப்போரும் ஆலையில் வந்தது எது, பின்னர் வந்து புகுந்தது எது எனத் தெளிதல் வேண்டும்.

இத்தாலியக் கார்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. ஒவ்வொன்றின் வாழ்க்கையும் பந்தயப் பதிவுகளிலும் நிழற்படங்களிலும் உள்ளது. எனவே இல்லாத 37 ஆவது ஜி.டி.ஓ. ஒன்றைப் படைத்து உலகை ஏய்த்தல் எளிதன்று. இங்குத் தீங்கு வேறு வகையில் நேர்ந்தது. 1950-களிலும் 1960-களிலும் பழைய ஃபெராரிகளின் எஞ்சின் பழுதுற்றபோது, திருத்தும் செலவுக்கு அஞ்சிய அமெரிக்கர் சிலர் அதனைக் கழற்றிவிட்டுச் செவ்ரலே எஞ்சினைப் பொருத்தினர். அவ்வண்டிகளுக்குரிய எஞ்சினைத் தேடிப் பிற்காலத்தார் அலைய நேர்ந்தது. பின்னர், ஜி.டி.ஓ.வின் விலை ஏறத் தொடங்கியதும், நால்வர் அமரும் 250 ஜி.டி.இ. போன்ற கார்களை அறுத்து, அவற்றின் எஞ்சினையும் சட்டகத்தையும் கொண்டு ஜி.டி.ஓ. உருவில் போலிகள் செய்தனர். ஒரு மெய்யை அழித்து ஒரு பொய்யைப் படைத்த செயல் அது. அன்று மலிவாகக் கருதப்பட்ட அந்த ஜி.டி.இ. இன்று தன்னளவிலேயே அரிய பொருள். 2019 இல் பொலோன்யா நீதிமன்றம் ஜி.டி.ஓ.வின் உருவத்தைக் கலைப்படைப்பு என ஏற்று, அதனைப் பார்த்துச் செய்வதற்குத் தடைவிதித்தது.

அமெரிக்கக் கார்களின் இடர் எண்ணிக்கையிலிருந்து பிறப்பது. உறுப்புகள் எங்கும் கிடைக்கும். ஆகவே எளிய காரை அரிய காராக மாற்றுதலும் எளிது. 1967 இல் எல் 88 எஞ்சின் பூட்டிய கார்வெட்டுகள் 20 மட்டுமே செய்யப்பட்டன. பந்தயக்காரர்க்கே உரிய அவ்வெஞ்சினைப் பொதுமக்கள் நாடாதிருக்க, அதன் திறன் 430 என்று குறைத்தே அறிவிக்கப்பட்டது. சாலைக் காருக்கான எஞ்சின் ஒன்றுக்கு அறிவித்ததோ 435. மெய்யில் எல் 88 ஐந்நூறுக்கு மேல் தந்தது. அவ்வாண்டில் செய்யப்பட்ட ஆயிரக்கணக்கான கார்வெட்டுகளுள் இவ்விருபதையும் பிரித்தறிவது எங்ஙனம்? எஞ்சினில் பொறித்த எண் வண்டியின் எண்ணோடு ஒத்தல் வேண்டும். அவ்வெண்ணையும் தேய்த்து அழித்து மீண்டும் பொறிப்போர் உண்டு. ஆகவே ஆலையில் எரிபொருள் தொட்டியின்மேல் ஒட்டப்பட்ட தாள், விற்பனைச் சீட்டு, முதல் உரிமையாளர் வைத்திருந்த பற்றுச்சீட்டு ஆகியவை தேடப்படுகின்றன. ஒரு துண்டுத் தாள் பல இலட்சம் டாலர் பெறுமானமுள்ள சான்றாவது இதனாலேயே.

கோப்ராவின் நிலை இன்னும் விந்தையானது. 1960-களில் செய்யப்பட்டவை ஏறத்தாழ ஆயிரம். அதனைப் பார்த்துப் பிறர் செய்தவை பல்லாயிரம். 'இது பார்த்துச் செய்தது' என வெளிப்படையாகக் கூறி விற்பது வஞ்சமன்று. அதனை ஓட்டி மகிழ்வதில் இழுக்கும் இல்லை. மூலத்தின் எண்ணைப் போலிக்குச் சூட்டும்போதே குற்றம் பிறக்கின்றது. அதனைத் தடுப்பவை, ஒவ்வொரு மூலக் காரின் வரலாற்றையும் எண் வாரியாகத் தொகுத்து வைத்திருக்கும் கழகங்களின் பதிவேடுகளே.

புதுக்குதலும் காத்தலும்

போலியினும் நுண்ணிய தீங்கு ஒன்று உண்டு. அஃது அன்பினால் விளையும் தீங்கு. 1963 ஸ்டிங் ரேயின் பின்கண்ணாடி நடுவே ஒரு தண்டு ஓடிற்று. அவ்வோராண்டுக்கே உரியது அது. பின்னால் வருவதை மறைக்கிறது என்று கருதிய உரிமையாளர் சிலர், தண்டை வெட்டியெறிந்து 1964 ஆம் ஆண்டின் ஒற்றைக் கண்ணாடியைப் பொருத்தினர். காரைத் திருத்துவதாகவே அவர்கள் எண்ணினர். இன்று சேகரிப்போர் முதலில் தேடுவது அத்தண்டைத்தான்.

நெடுங்காலம் பழங்காரைப் புதிதினும் புதிதாக மினுக்குவதே சிறப்பெனக் கருதப்பட்டது. 1974 இல் தோன்றிய தேசியக் கார்வெட் புதுப்பிப்போர் சங்கம் இக்கருத்தை மறுத்தது. ஆலையிலிருந்து வந்த நிலையே அளவுகோல். அதற்குக் குறைந்தாலும் புள்ளி குறையும், மிகுந்தாலும் குறையும். ஆலைத் தொழிலாளி விட்ட பிசிறும், வண்ணம் வழிந்த தடமும் வரலாற்றின் உறுப்புகளே என்பது அதன் கொள்கை.

2015 பிப்ரவரியில் பாரிசு நகரில் நடந்த ஏலம் இதனை உலகறியச் செய்தது. பிரான்சின் மேற்குப் பகுதியில், கொட்டகைகளில் பல்லாண்டு கிடந்த கார்கள் அங்கு விற்கப்பட்டன. அவற்றுள் 1961 ஆம் ஆண்டு ஃபெராரி 250 ஜி.டி. கலிபோர்னியா ஒன்று பழைய பத்திரிகைக் கட்டுகளின் அடியில் தூசு படிந்து கிடந்தது. அத்தூசையும் துடைக்காமலே ஏலத்துக்கு வைத்தனர். ஏறத்தாழ 1 கோடியே 63 இலட்சம் யூரோ கிடைத்தது. 1950 இல் தொடங்கிய கலிபோர்னியாவின் பெபிள் பீச் கார்க் காட்சியில், புதுக்காமல் காக்கப்பட்ட கார் ஒன்று தலைப்பரிசு பெற 2024 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டில் 1934 ஆம் ஆண்டுப் புகாட்டி ஒன்று, வகுப்புத் தொடங்கியபின் முதன்முறையாக, அப்பெருமையைப் பெற்றது.

டேட்டோனா கூப்பே ஆறனுள் முதலாவது இன்று பிலடெல்பியாவில், நரம்பியல் அறுவை மருத்துவர் ஃபிரெடரிக் சிமியோன் நிறுவிய காட்சியகத்தில் உள்ளது. அவர் அதனைப் புதுக்கவில்லை; ஓடி உழைத்த தழும்புகளோடு காத்தார். 2014 இல் அமெரிக்க நாட்டின் வரலாற்றுப் பொறியியல் பதிவேட்டில் இடம்பெற்ற முதல் கார் அதுவே. பாலமும் ஆலைக் கட்டடமும் இடம்பெறும் ஏட்டில் ஒரு காரும் இடம்பெற்றது.

எனினும் மாற்றம் அனைத்தையும் இடைச்செருகல் எனத் தள்ளுதல் பொருந்தாது. தொடக்கத்தில் கூறிய 4 கோடியே 84 இலட்சம் டாலர் ஜி.டி.ஓ. இன்று தாங்கி நிற்பது 1962 இல் பெற்ற உடல் அன்று. 1964 இல் ஸ்கால்யெட்டியின் பட்டறையே அதற்குப் புதுமுறை உடல் கட்டிற்று. ஆசிரியரே தம் நூலைத் திருத்தி இரண்டாம் பதிப்பு வெளியிட்டாற் போன்றது அது. அம்மாற்றத்தை அழித்து மீண்டும் 1962 உருவத்துக்குக் கொண்டுசெல்வதே வரலாற்றைக் குலைப்பதாகும். யார் மாற்றினார், எப்போது மாற்றினார், எதற்காக மாற்றினார் என்னும் மூன்று வினாவுக்கும் விடை இருப்பின் மாற்றமும் வரலாறாம். விடை இல்லையேல் அழகிய உருவமும் ஐயத்துக்குரியதே.

யாருக்கு எது தகும்?

பெருஞ்செல்வர்க்கே இது உரியது எனச் சோர்தல் வேண்டா. 1968 முதல் 1982 வரை வந்த மூன்றாம் தலைமுறைக் கார்வெட் 5 இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. 1966 இல் தொடங்கிய ஃபியட் 124 ஸ்பைடர், பினின்ஃபரினா வரைந்த உடலோடு அமெரிக்காவிலேயே மிகுதியாக விற்றது. இரண்டும் எளியோர் கைக்கும் எட்டியவை. ஆயினும் வாங்குவோர் தம் இயல்பை முதலில் அறிதல் நன்று. அமெரிக்கக் காரை எஞ்சின் அறிந்த எந்தப் பட்டறையும் திருத்தும். உறுப்பு உடனே கிடைக்கும். கண்ணாடி நார் உடல் துருவேறாது. ஆனால் அதனுள் மறைந்திருக்கும் இரும்புக் கூடு துருவேறும். ஆகவே வெளியழகைக் கண்டு மயங்குதல் ஆகாது. பன்னிரு சிலிண்டர் இத்தாலியக் காரோ பழகிய கையையே நாடும். ஜி.டி.ஓ.வில் மட்டும் ஆறு இரட்டைக் கார்புரேட்டர்கள். அவை ஒரே தாளத்தில் மூச்சுவிடும்படி இசைத்தல் ஒரு கலை. அலுமினியத் தகடு இரும்போடு தொடும் இடமெல்லாம் ஈரத்தால் அரிக்கும். அதனை மீண்டும் கையால் தட்டி உருவாக்கும் வினைஞரின் தலைமுறை குறைந்து வருவது கவலைக்குரியது. கார் இருந்தும் கலை மறைந்தால் எஞ்சுவது பொருட்காட்சியே.

ஆக, இத்தாலியக் கார் தன்னைக் காப்போரிடம் கேட்பது கைவினை அறிவு. அமெரிக்கக் கார் கேட்பது சான்று தேடும் பொறுமை. முன்னது ஒரு சிலரின் கைத்திறத்தை நமக்குச் சொல்கின்றது. பின்னது ஆயிரம் தொழிலாளர் ஒன்றுகூடி உழைத்த ஆலையின் கதையைச் சொல்கின்றது. இரண்டுமே மாந்தர் உழைப்பின் ஏடுகள். ஏட்டின் உரிமை விலைகொடுத்தவர்க்கு உண்டு. அதன் எழுத்தை அழிக்கும் உரிமை எவர்க்கும் இல்லை. வாங்கியவர் சில காலம் வைத்திருந்து அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துச் செல்லும் காவலரே ஆவர். பளபளப்பைக் கூட்டிக் கொடுத்தார் என்பதினும், பொய் கலவாமல் கொடுத்தார் என்னும் பெயரே அவருக்குப் பெருமை தரும்.